ட்ரிக்கரை ஒப்பிடுவது எப்படி: அரைத் தானியங்கி பிஸ்டல்களின் விசை வகைகள் குறித்த முழுமையான வழிகாட்டி

சென்னையில் துப்பாக்கி சுடும் பயிற்சிக்குப் புதிதாக வருபவர்கள் ஒரு பிஸ்டலைக் கையில் வாங்கியதும் கேட்கும் முதல் கேள்வி, "இதோட ட்ரிக்கர் எவ்வளவு வெயிட் சார்?" என்பதுதான். கேள்வி தவறானதன்று, ஆனால் அதற்குக் கிடைக்கும் ஒற்றை எண்ணை வைத்துக்கொண்டு இரண்டு பிஸ்டல்களை ஒப்பிட முயல்வது, இரண்டு சாலைகளின் நீளத்தை மட்டும் கேட்டுவிட்டு எதில் பயணம் சுகமாக இருக்கும் என்று முடிவு செய்வதைப் போன்றது. 2.5 கிலோ ட்ரிக்கர் ஒன்று 2 கிலோ ட்ரிக்கரைவிட இலகுவாக உணரப்படுவதும், 1 கிலோ ட்ரிக்கர்கள் இரண்டு ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாமல் நடந்துகொள்வதும் அன்றாடம் காணக்கூடியவை. ஆகவே எடையையும், அந்த எடை விரலின் பாதையில் எங்கே, எப்படிப் பரவியிருக்கிறது என்பதையும், ஒரு ரவுண்டுக்கும் அடுத்த ரவுண்டுக்கும் இடையே அது மாறுகிறதா என்பதையும் சேர்த்துப் பார்க்கும் முறையை இங்கே படிப்படியாக எழுதுகிறேன்.

இது மூன்று வகை வாசகர்களுக்குப் பயன்படும். கிளப்பில் .22 (அங்குலத்தில் குழலின் விட்டம்) விளையாட்டுப் பிஸ்டலுடன் பழகுபவர்கள் முதல் வகை. நடிகர் அஜித்குமார் சென்னை ரைபிள் கிளப் சார்பில் மாநிலப் போட்டிகளில் பங்கேற்ற பிறகு இவர்களைப் பற்றி வெளியே பேச்சு கூடியிருக்கிறது. உரிமம் பெற்று .32 பிஸ்டல் வைத்திருப்பவர்கள் இரண்டாம் வகை. பணியில் 9 மி.மீ. பிஸ்டலைக் கையாண்ட முன்னாள் படைவீரர்களும் காவலர்களும் மூன்றாம் வகை. நம் நாட்டில் 9 மி.மீ. தடை செய்யப்பட்ட குழல் விட்ட (bore) வகையைச் சேர்ந்ததால் சாதாரண உரிமத்தில் அது கிடைக்காது. எனினும் ட்ரிக்கர் வகைகளின் வரலாறு பெரும்பாலும் 9 மி.மீ. பிஸ்டல்களில்தான் நடந்தது என்பதால் அவற்றின் பெயர்களைத் தவிர்க்க இயலாது.

முதல் படி: தொடுவதற்கு முன்

ஒப்பிடுவதற்கான இடம் கிளப்பின் சுடுதளமோ, உரிமம் பெற்ற ஆயுதக் கடையோதான். வீட்டு வரவேற்பறை அன்று. தோட்டாக்களை அடுக்கும் மேகசினைக் கழற்றுங்கள், மேலே முன்னும் பின்னும் நகரும் ஸ்லைடைப் பின்னுக்கு இழுத்து நிறுத்துங்கள், தோட்டா அமரும் அறையான சேம்பரைக் கண்ணால் பாருங்கள், சுண்டுவிரல் நுனியால் தடவியும் பாருங்கள். இந்த வரிசையை மாற்றக் கூடாது: ஸ்லைடை முதலில் இழுத்துவிட்டு மேகசினைப் பிறகு கழற்றினால், இடையில் ஸ்லைடு முன்னே போகும்போது புதிய தோட்டா ஒன்று சேம்பருக்குள் ஏறி அமர்ந்துவிடும். பிஸ்டலை இன்னொருவர் கையில் கொடுக்கும்போதும் திரும்ப வாங்கும்போதும் இதையே மறுபடி செய்ய வேண்டும். "இப்பதானே பார்த்தேன்" என்பது இந்த இடத்தில் செல்லுபடியாகாத வாக்கியம். தோட்டாக்கள் வேறு மேசையில், முடிந்தால் வேறு அறையில் இருக்கட்டும். நான்காம் படியில் எடைபோடும் நேரம் தவிர, குழல் எப்போதும் தடுப்பு மேட்டை நோக்கியே இருக்க வேண்டும்.

இதனுடன் இரண்டு சிறு எச்சரிக்கைகள். .22 ரிம்ஃபயர் (ஊசி தோட்டாவின் அடி விளிம்பில் தட்டி வெடிக்கச் செய்யும் வகை) பிஸ்டலில் வெறுமனே ட்ரிக்கரை அழுத்தினால் ஊசி சேம்பரின் விளிம்பில் நேரடியாக மோதி அதைச் சேதப்படுத்தக்கூடும். போட்டிப் பிஸ்டல்கள் பலவற்றில் இதற்கென்றே ட்ரை பயிற்சி, அதாவது தோட்டா இல்லாத பயிற்சிக்கான அமைப்பு உண்டு, இல்லாதவற்றில் போலித் தோட்டாவைப் பயன்படுத்துங்கள். அடுத்தது, பிரவுனிங் ஹை-பவர் குடும்பத்தைச் சேர்ந்த பிஸ்டல்களில் மேகசின் உள்ளே இல்லாவிட்டால் ட்ரிக்கர் வேலை செய்யாத தடுப்பு ஒன்று இருக்கும். அவற்றைச் சோதிக்கக் காலி மேகசினைப் பொருத்த வேண்டும். அது காலிதானா என்பதை இரண்டு பேர் பார்த்த பிறகே பொருத்த வேண்டும்.

இரண்டாம் படி: விரலின் பாதையை ஐந்தாகப் பிரித்தல்

ஒப்பீட்டுக்குப் பொதுவான சொற்கள் தேவை. ட்ரிக்கரைத் தொடும் கணத்திலிருந்து அடுத்த ரவுண்டுக்கு அது தயாராகும் கணம் வரை விரல் கடக்கும் பாதையில் ஐந்து கட்டங்கள் இருக்கின்றன. முதலில் எதிர்ப்பே இல்லாததுபோல் விரல் சும்மா பின்னே செல்லும் தளர்வு. பிறகு விரல் போய் முட்டும் சுவர். சுவரைத் தாண்டித் தள்ளும்போது, விடுபடுவதற்கு முன் ட்ரிக்கர் கரகரவென்று நகர்ந்தால் அது ஊர்வு. நல்ல ட்ரிக்கரில் இது ஏறக்குறைய இருக்காது என்பதால் இதை நான் தனிக் கட்டமாக எண்ணவில்லை. அதன்பின் விடுபாடு, அதாவது சியர் என்னும் சிறு தாழ்ப்பாள் விலகி, தோட்டாவை வெடிக்கச் செய்யும் சுத்தியலோ ஸ்ட்ரைக்கரோ பாயும் கணம். விடுபட்ட பின்னும் விரலின் அழுத்தம் காரணமாக ட்ரிக்கர் பின்னே ஓடினால் அது மிகை ஓட்டம். கடைசியாக, விரலைத் தளர்த்தும்போது சியர் மீண்டும் பிடித்துக்கொள்ளும் இடம்; இதை எல்லோரும் ரீசெட் என்றே சொல்கிறார்கள், நானும் அப்படியே எழுதுகிறேன். தளர்வைத் தனிக் கட்டமாக எண்ணாமல் ஊர்வைச் சேர்த்து எண்ணுபவர்களும் உண்டு. எப்படி எண்ணினாலும் ஒரே கணக்கை எல்லாப் பிஸ்டல்களுக்கும் பின்பற்றினால் போதும்.

சுத்தியல் என்று நாம் இன்று சொல்லும் உறுப்புக்குப் பழைய தமிழில் குதிரை என்று பெயர். ட்ரிக்கர் வகைகளைப் புரிந்துகொள்ள அந்தச் சொல் உண்மையில் அதிகம் உதவுகிறது, ஏனென்றால் எல்லா வேறுபாடும் ஒரே கேள்வியில் அடங்கும்: குதிரையை நாணேற்றி நிறுத்துவது யார், அதை அவிழ்த்துவிடுவது யார்? இரண்டையும் விரலே செய்ய வேண்டுமா, அவிழ்த்தால் மட்டும் போதுமா என்பதைப் பொறுத்து எடையும் தூரமும் தீர்மானமாகின்றன.

மூன்றாம் படி: கையில் இருப்பது எந்த வகை?

சிங்கிள் ஆக்‌ஷன். இதில் விரலுக்கு ஒரே வேலை, அவிழ்ப்பது. ஸ்லைடைப் பின்னுக்கு இழுத்துவிடும்போது சுத்தியல் முழுவதுமாக நாணேறி நின்றுவிடும். ஒவ்வொரு ரவுண்டுக்குப் பிறகும் பின்னே வரும் ஸ்லைடே மீண்டும் அதை நாணேற்றும். விரல் சியரை ஒரு மெல்லிய விளிம்பிலிருந்து நழுவச் செய்தால் போதும் என்பதால் எடையும் தூரமும் குறைவு. ஜான் பிரவுனிங் வடிவமைத்து 1911 இல் அமெரிக்க ராணுவம் ஏற்றுக்கொண்ட 1911 பிஸ்டலும், 1935 இல் வெளிவந்த ஹை-பவரும் இந்த வகையின் மூத்தவை. ஈஷாப்பூர் ரைபிள் தொழிற்சாலை நம் படைகளுக்காகத் தயாரித்த 9 மி.மீ. 1ஏ பிஸ்டல் ஹை-பவரின் வழிவந்தது. பணியில் இதைக் கையாண்டவர்கள் ட்ரிக்கர் சற்றுக் கரகரப்பாக இருப்பதாகச் சொல்வார்கள். சிங்கிள் ஆக்‌ஷன் ஏன் அப்படி இருக்க வேண்டும் என்று யோசிப்பவர்களுக்கு விடை முன்பு சொன்ன மேகசின் தடுப்பில் இருக்கிறது. ட்ரிக்கர் நகரும்போது அந்தத் தடுப்பின் முனை மேகசினின் முன்பக்கத்தில் உரசிக்கொண்டே செல்கிறது. அந்த உரசல்தான் விரலுக்குத் தெரிகிறது.

பணிக்கான 1911 பிஸ்டல்களில் விடுபாட்டு எடை பொதுவாக 2 முதல் 2.7 கிலோ வரை இருக்கும். அதன் ட்ரிக்கர் ஓர் அச்சில் ஊசலாடாமல் நேராகப் பின்னே வழுக்கிச் செல்கிறது. இந்தச் செய்தியை நினைவில் வையுங்கள், எடைபோடும்போது தேவைப்படும். இந்த வகைக்கு நாம் கொடுக்கும் விலை, சுத்தியல் நாணேறிய நிலையில் கையால் இயக்கும் சேஃப்டி என்னும் பூட்டை நம்பிப் பிஸ்டலை வைத்திருக்க வேண்டும் என்பது. பழக்கம் இல்லாதவர் கையில் இது பதற்றத்தைத் தரும் அமைப்பு.

டபுள் ஆக்‌ஷன், சிங்கிள் ஆக்‌ஷன் இரண்டும் கலந்த வகை. 1929 இல் வால்தர் பி.பி. பிஸ்டலும், அதன்பின் ஜெர்மன் ராணுவத்துக்கான பி38 உம் இந்த ஏற்பாட்டைப் பரவலாக்கின. சுத்தியல் கீழே படுத்திருக்கும் நிலையில் முதல் ரவுண்டைச் சுட, விரலே நீண்ட தூரம் இழுத்துச் சுத்தியலை நாணேற்றி அதே இழுப்பில் அவிழ்த்தும் விட வேண்டும், இதற்கு 4.5 முதல் 5.5 கிலோ வரை பிடிக்கும். அந்த ரவுண்டு வெடித்ததும் ஸ்லைடு சுத்தியலை நாணேற்றிவிடுவதால், இரண்டாவது ரவுண்டிலிருந்து ட்ரிக்கர் ஏறக்குறைய 2 கிலோவுக்கு இறங்கிவிடும், தூரமும் பாதிக்குமேல் குறைந்துவிடும். பெரெட்டா 92, சிக் பி226, செக் நாட்டின் சி.இசட். 75 ஆகியவை இந்தக் குடும்பம். பி226 இல் சுத்தியலைப் பாதுகாப்பாக இறக்கி வைக்க டிகாக்கர் என்னும் நெம்புகோல் உண்டு, சி.இசட். 75 இன் மூல வடிவத்தில் அதற்குப் பதில், நாணேறிய நிலையிலேயே பூட்டி வைக்கும் சேஃப்டி உண்டு.

காகிதத்தில் இரண்டு உலகங்களின் நன்மையும் ஒன்றாகச் சேர்ந்ததுபோல் தோன்றும். பயிற்சியில் இதன் கதை வேறு: ஒரே பிஸ்டலில் இரண்டு ட்ரிக்கர்களைக் கற்க வேண்டியிருக்கிறது, அதுவும் முதல் ரவுண்டுக்கும் இரண்டாவது ரவுண்டுக்கும் இடைப்பட்ட ஒரு நொடிக்குள் விரல் தன் வேலையை மாற்றிக்கொள்ள வேண்டியிருக்கிறது. முதல் ரவுண்டு தாழ்ந்து போவதும், இரண்டாவது ரவுண்டு நினைப்பதற்குள் விடுபட்டுவிடுவதும் இந்த வகையில் புதியவர்களின் இலக்குக் காகிதத்தில் தவறாமல் தெரியும்.

டபுள் ஆக்‌ஷன் மட்டும். ஒவ்வொரு ரவுண்டுக்கும் விரலே முழு வேலையையும் செய்யும். நீளமானது, கனமானது, ஆனால் ஒரே சீரானது. தோட்டா வெடிக்காமல் போனால் ட்ரிக்கரை மறுபடி இழுத்து இரண்டாம் முறை தட்டிப் பார்க்க முடியும் என்பதைப் பெரிய நன்மையாகச் சொல்வார்கள். வெடிக்காத தோட்டாவை வெளியேற்றிவிட்டு அடுத்ததை ஏற்றுவதே பயிற்சியாளர்கள் கற்பிக்கும் வழி என்பதால் அந்த நன்மைக்கு நான் அதிக மதிப்பெண் தருவதில்லை. ஹெக்லர் அண்ட் கோச் போன்றவர்கள் சுத்தியலின் சுருளை ஸ்லைடே முன்கூட்டி அழுத்தி வைக்கும்படி செய்து, தூரத்தை அப்படியே வைத்துக்கொண்டு எடையை மட்டும் குறைத்த வடிவங்களையும் செய்திருக்கிறார்கள்.

ஸ்ட்ரைக்கர் வகை. சுத்தியலே கிடையாது, சுருளின் விசையில் நேர்கோட்டில் பாயும் ஸ்ட்ரைக்கரே தோட்டாவின் அடிப்பகுதியைத் தட்டும். 1982 இல் ஆஸ்திரிய ராணுவம் ஏற்றுக்கொண்ட கிளாக் 17 தான் இதை உலகமெங்கும் கொண்டுசென்றது. எனினும் பாதி நாணேற்றப்பட்ட ஸ்ட்ரைக்கர் 1907 ஆம் ஆண்டின் ராத்-ஸ்டெயர் பிஸ்டலிலேயே உண்டு. கிளாக்கில் ஸ்லைடு இயங்கும்போது ஸ்ட்ரைக்கரின் சுருள் ஓரளவு மட்டும் அழுத்தப்பட்டு நிற்கும். எஞ்சியதை விரல் அழுத்தி முடித்து அவிழ்க்கும். அதனால்தான் சுமார் 2.5 கிலோ எடையுள்ள அந்த ட்ரிக்கர், சுவரைத் தாண்டும்போது கண்ணாடிக் குச்சி ஒடிவதுபோல் முறியாமல், ரப்பர் இழுபடுவதுபோல் உருண்டு விடுபடுகிறது. முதல் ரவுண்டுக்கும் கடைசி ரவுண்டுக்கும் வேறுபாடு இல்லை, ரீசெட் குட்டையானது, "டிக்" என்று காதுக்கே கேட்கும். கையால் இயக்கும் சேஃப்டி இல்லை. ட்ரிக்கரின் நடுவில் இருக்கும் சிறு நாக்கு, ஊசித் தடுப்பு, கீழே விழுந்தால் விடுபடாத தடுப்பு என்று மூன்றும் விரல் ட்ரிக்கரை அழுத்தும்போது தாமாக விலகுகின்றன. விரல் என்பதற்குப் பதில் சட்டையின் ஓரமோ உறையின் வாரோ அழுத்தினாலும் அவை விலகும் என்பதுதான் இதன் மறுபக்கம். மற்றொன்று, கிளாக்கைச் சுத்தம் செய்யக் கழற்றும்போது ட்ரிக்கரை அழுத்தியாக வேண்டும். சேம்பரைப் பார்க்காமல் அழுத்தியவர்கள் பல நாடுகளில் தரையையும் சுவரையும் தங்களையும் சுட்டிருக்கிறார்கள்.

எல்லா ஸ்ட்ரைக்கரும் கிளாக் போன்றதன்று. சிக் பி320 போன்றவற்றில் ஸ்ட்ரைக்கர் முழுவதுமாகவே நாணேறி நிற்கும், ஆகவே விடுபாடு சிங்கிள் ஆக்‌ஷனை நெருங்குகிறது. அந்த பி320 இல் 2017 இல் ஒரு பாடம் கிடைத்தது: பிஸ்டல் குறிப்பிட்ட கோணத்தில் கீழே விழுந்தால், ட்ரிக்கர் தன் சொந்தக் கனத்தின் உந்தத்தாலேயே பின்னே நகர்ந்து ரவுண்டை விடுவிக்க முடிந்தது. நிறுவனம் கனம் குறைந்த ட்ரிக்கரையும் மாற்றப்பட்ட உள்ளுறுப்புகளையும் வழங்கியது. ட்ரிக்கரின் இழுப்பு எடையும் ட்ரிக்கர் என்ற உலோகத் துண்டின் எடையும் வெவ்வேறு என்பதை இதைவிடத் தெளிவாக யாரும் விளக்க முடியாது.

விளையாட்டுப் பிஸ்டல்கள். பார்தினி எஸ்.பி., வால்தர் ஜி.எஸ்.பி. போன்ற .22 பிஸ்டல்கள் அடிப்படையில் சிங்கிள் ஆக்‌ஷனே. ஆனால் ட்ரிக்கர் இரண்டு கட்டங்களாகப் பிரிக்கப்பட்டிருக்கும். சர்வதேசத் துப்பாக்கி சுடும் விளையாட்டுக் கூட்டமைப்பான ஐ.எஸ்.எஸ்.எஃப். விதிப்படி 25 மீட்டர் போட்டிகளில் ட்ரிக்கர் குறைந்தது 1000 கிராம் தாங்க வேண்டும், 10 மீட்டர் ஏர் பிஸ்டலில் 500 கிராம். விதி மொத்தத்தைத்தான் சொல்கிறது; எப்படிப் பிரிப்பது என்பது சுடுபவரின் விருப்பம். முதல் கட்டத்தில் 800, இரண்டாவதில் 200 என்று வைத்தால் சுவரில் போய் நின்றபின் மூச்சு விடும் நேரத்துக்குள் ரவுண்டு விடுபட்டுவிடும்; 500, 500 என்று வைத்தால் சுவரில் சாய்ந்து நிதானிக்க இடம் கிடைக்கும், ஆனால் அந்த இரண்டாவது 500 ஐத் தள்ளும்போது முன்முனை அசையும் வாய்ப்பும் கூடும். இரண்டும் தராசில் 1000 கிராம்தான். ஒற்றை எண் ஏன் பயனற்றது என்று தொடக்கத்தில் சொன்னதற்கு இதுவே என் முதல் சான்று.

நான்காம் படி: தராசில் வைத்தல்

சுருள் தராசைவிடத் தொங்கவிடும் எடைக்கல் நம்பகமானது. போட்டிகளில் ஆயுதச் சோதனை மேசையிலும் அதைத்தான் பயன்படுத்துகிறார்கள். குழல் செங்குத்தாக மேல்நோக்கி இருக்கப் பிஸ்டலைப் பிடித்து, மேசைமேல் இருக்கும் எடையின் கொக்கியை ட்ரிக்கரில் மாட்டி, மெதுவாகத் தூக்க வேண்டும். எடை மேசையை விட்டு எழுந்தும் ட்ரிக்கர் விடுபடாமல் நின்றால், அந்த எடையைத் தாங்குகிறது என்று பொருள். வெடுக்கென்று தூக்கினால் கணக்கு தவறும்.

கொக்கியை எங்கே மாட்டுகிறீர்கள் என்பதே அளவீட்டின் உயிர். அச்சில் ஊசலாடும் ட்ரிக்கர் ஒரு நெம்புகோல். கொக்கியை நுனிக்கு அருகில் மாட்டினால் குறைவாகவும், அச்சுக்கு அருகில் மாட்டினால் அதிகமாகவும் காட்டும். நேராக வழுக்கும் 1911 ட்ரிக்கரில் இந்த வேறுபாடு பெரிதாக இருக்காது. ஆகவே ஒரு 1911 ஐயும் ஒரு கிளாக்கையும் ஒப்பிடும்போது, உங்கள் விரலின் சதைப்பகுதி உண்மையில் எங்கே அமர்கிறதோ அந்த இடத்திலேயே இரண்டிலும் கொக்கியை மாட்டுங்கள். இல்லாவிட்டால் நீங்கள் ஒப்பிட்டது கொக்கியின் இடத்தை, ட்ரிக்கரை அன்று.

ஒவ்வொன்றையும் ஐந்து முறை அளந்து சராசரியுடன், மிகக் குறைந்ததற்கும் மிக அதிகமானதற்கும் உள்ள இடைவெளியையும் எழுதுங்கள். சராசரி 2 கிலோவாக இருந்து இடைவெளி 50 கிராமுக்குள் நிற்கும் ட்ரிக்கர், சராசரி 1.8 கிலோவாக இருந்து 400 கிராம் அலையும் ட்ரிக்கரைவிட எந்த நாளிலும் மேல். கலப்பு வகையில் முதல் ரவுண்டின் எடையையும் பிந்தைய எடையையும் தனித்தனி வரிசையில் எழுத வேண்டும். இரண்டையும் கூட்டிச் சராசரி எடுப்பதற்குப் பொருளே இல்லை. தயாரிப்பாளர்கள் பவுண்டில் எழுதுவார்கள். ஒரு பவுண்டு ஏறக்குறைய 454 கிராம்.

போட்டிக்குச் செல்பவர்கள் 1000 கிராமைத் துல்லியமாகத் தொட்டு நிற்கும்படி வைக்காமல், 30 அல்லது 40 கிராம் கூடுதலாக வைத்துக்கொள்வது நல்லது. வீட்டிலிருந்து சுடுதளம் வரை பெட்டியில் குலுங்கிச் சென்ற பிஸ்டல் சோதனை மேசையில் 990 காட்டி, அதைப் பதற்றத்துடன் சரிசெய்துகொண்டு நிற்பவரின் முகத்தை ஒருமுறை பார்த்தவர்கள் பிறகு கஞ்சத்தனம் செய்ய மாட்டார்கள். அந்த முகம் ஒருமுறை என்னுடையதாக இருந்தது.

ஐந்தாம் படி: ரீசெட்டை விரலால் படித்தல்

காலிப் பிஸ்டலில் ட்ரிக்கரை அழுத்தி விடுவித்து, விரலை எடுக்காமல் அப்படியே பின்னே பிடித்திருங்கள். மற்றக் கையால் ஸ்லைடை ஒருமுறை முழுவதும் இழுத்து விடுங்கள். இப்போது விரலை மிக மெதுவாகத் தளர்த்துங்கள்; ஓரிடத்தில் சிறு தட்டல் விரலுக்குத் தெரியும். அதுதான் ரீசெட். அந்த இடத்திலிருந்து மீண்டும் அழுத்தும்போது தளர்வு எவ்வளவு மிச்சம் இருக்கிறது, சுவர் உடனே வருகிறதா என்று பாருங்கள். ஸ்லைடு முன்னே வந்தவுடன் இரண்டாவது ரவுண்டு தானாகப் போய்விடாமல், விரல் தளர்ந்து திரும்பும்வரை ட்ரிக்கரையும் சியரையும் பிரித்து வைக்கும் உறுப்பு இந்தத் தட்டலின் பின்னால் இருக்கிறது. தட்டல் சில சமயம் வருவதும் சில சமயம் வராததுமாக இருந்தால் பிஸ்டலை அங்கேயே கீழே வைத்துவிட்டு, உரிமம் பெற்ற துப்பாக்கி மெக்கானிக்கிடம் கொடுக்க வேண்டும்.

25 மீட்டர் ரேபிட் ஃபயர் போன்ற போட்டியில், ஐந்து இலக்குகளுக்கு ஐந்து ரவுண்டு என்ற தொடரை 8, 6, 4 நொடிகளில் முடிக்க வேண்டும். 2012 லண்டன் ஒலிம்பிக்கில் விஜய் குமார் வெள்ளி வென்றது அந்தப் போட்டியில்தான். 4 நொடித் தொடரில் ரீசெட் நீளமான பிஸ்டல் கையில் இருந்தால் விரல் பாதி தூரமே திரும்பி, அழுத்தினால் ஒன்றும் நடக்காமல் நிற்கும்.

ஆறாம் படி: ஒரு ரூபாய் நாணயம்

பழைய சோதனைதான், இதற்கு இணையாக மலிவான கருவி இன்னும் வரவில்லை. காலிப் பிஸ்டலை இலக்கை நோக்கி நீட்டிப் பிடியுங்கள். நண்பர் ஒருவர் குறிபார்க்கும் முன்சைட்டுக்கு அருகில் ஸ்லைடின் மேல் ஒரு ரூபாய் நாணயத்தை வைக்கட்டும். நாணயம் விழாமல் பத்து முறை ட்ரிக்கரை விடுவிக்க முயலுங்கள். சிங்கிள் ஆக்‌ஷனில் எட்டோ ஒன்பதோ தாங்கும், அதே கை டபுள் ஆக்‌ஷன் இழுப்பில் மூன்றைத் தாண்டத் திணறும். காரணம் எடை மட்டுமன்று, தூரம். விரல் வளைந்துகொண்டே வரும்போது உள்ளங்கையின் மற்ற மூன்று விரல்களும் உடன் இறுகுகின்றன, முன்முனை தாழ்கிறது.

இந்த இடத்தில் கையின் அளவையும் பாருங்கள். பிடியின் பின்பக்கத்திலிருந்து ட்ரிக்கர் வரை உள்ள தூரம் டபுள் ஆக்‌ஷன் நிலையில் அதிகம், ஏனென்றால் ட்ரிக்கர் முன்னே தள்ளி நிற்கிறது. கை சிறியதாக இருப்பவர் அதை எட்டுவதற்காகப் பிடியையே சற்றுச் சுழற்றிப் பிடிப்பார். பிறகு அவருடைய குரூப் (இலக்கில் விழும் துளைகளின் கூட்டம்) ஏன் ஒரு பக்கமாக ஒதுங்குகிறது என்று ட்ரிக்கரைக் குறை சொல்வார். சிங்கிள் ஆக்‌ஷனுக்கு விரலின் முதல் சதைப்பகுதியின் நடு போதும். டபுள் ஆக்‌ஷனுக்கு முதல் மூட்டுக்கு நெருங்கிய இடம் கூடுதல் பலம் தரும்.

சென்னைக்கே உரிய ஒன்றையும் இங்கே சேர்க்க வேண்டியிருக்கிறது. அக்னி நட்சத்திரத்தில் கூரை மட்டும் போட்ட சுடுதளத்தில் பத்து நிமிடம் நின்றால் விரல் வியர்த்து ட்ரிக்கரில் வழுக்கும். வளைவான, மழமழப்பான ட்ரிக்கரும் தட்டையான, கோடு போட்ட ட்ரிக்கரும் குளிரூட்டிய கடைக்குள் ஒரே மாதிரி தோன்றும். மே மாதத்தில் அப்படித் தோன்றாது. ஒப்பீட்டை ஒருமுறையாவது வியர்த்த கையுடன் செய்யுங்கள்.

ஏழாம் படி: காகிதம் சொல்வது

இனி ரேஞ்ச் அதிகாரியின் மேற்பார்வையில் உண்மையான ரவுண்டுகள். ஒவ்வொரு பிஸ்டலிலும் ஐந்து ஐந்தாக நான்கு தொடர், ஒவ்வொரு தொடருக்கும் புதுக் காகிதம். கலப்பு வகையாக இருந்தால் ஒவ்வொரு தொடரின் முதல் ரவுண்டையும் தனிக் காகிதத்தில் சுடுங்கள். இல்லாவிட்டால் நான்கு நல்ல துளைகள் ஒரு மோசமான துளையை மறைத்துவிடும், அல்லது அந்த ஒன்றினால் நான்கும் பழி சுமக்கும். வலக்கைக்காரருக்குத் துளைகள் கீழே இடப்பக்கம் சேர்ந்தால் பெரும்பாலும் விரல் ட்ரிக்கரை அழுத்தவில்லை, பறித்திருக்கிறது. ஊர்வு அதிகமுள்ள ட்ரிக்கரில் துளைகள் மேலும் கீழுமாகப் பரவும், ஏனென்றால் விடுபாடு எப்போது வரும் என்று தெரியாமல் சுடுபவர் காத்திருந்து களைத்துப் போகிறார். களைப்பு முடிவைக் கெடுக்காமலிருக்க, இரண்டாம் நாள் பிஸ்டல்களின் வரிசையைத் தலைகீழாக மாற்றிச் சுட்டுப் பாருங்கள்.

எட்டாம் படி: தேவைக்கு ஏற்பத் தேர்ந்தெடுத்தல்

போட்டிக்கு என்றால் பேச்சே இல்லை. இரண்டு கட்ட சிங்கிள் ஆக்‌ஷன்தான், கட்டங்களைப் பிரிப்பதில் மட்டுமே ஆராய்ச்சி. தயாரிப்பாளர் வெளியே கொடுத்திருக்கும் திருகுகளைக் கோச்சின் உதவியுடன் சரிசெய்துகொள்ளலாம்.

பணிக்கும் தற்காப்புக்கும் வரும்போதுதான் சிக்கல், ஏனென்றால் இங்கே எதிரெதிரான இரண்டு தவறுகள் காத்திருக்கின்றன. நியூயார்க் மாநகரக் காவல் துறை, தற்செயலாகச் சுட்டுவிடுவதைத் தவிர்க்கத் தன் கிளாக் பிஸ்டல்களில் சுமார் 12 பவுண்டு, அதாவது ஏறக்குறைய 5.4 கிலோ ட்ரிக்கரைப் பல ஆண்டுகள் கட்டாயமாக்கியிருந்தது. 2012 ஆகஸ்டில் எம்பயர் ஸ்டேட் கட்டடத்தின் முன் ஒரு கொலையாளியை நோக்கி இரண்டு காவலர்கள் 16 ரவுண்டு சுட்டபோது, அருகில் இருந்த பொதுமக்கள் 9 பேர் காயமடைந்தனர். கனமான ட்ரிக்கர் குறியைச் சிதறடித்ததா என்ற விவாதம் அப்போது பெரிதாக எழுந்தது. மறுபுறம் லாஸ் ஏஞ்சலிஸ் மாவட்ட ஷெரிஃப் துறை, கலப்பு வகையான பெரெட்டா 92 இலிருந்து ஸ்மித் அண்ட் வெசனின் ஸ்ட்ரைக்கர் வகைக்கு மாறியபோது தற்செயல் சுடுதல்கள் கூடின. பழைய ட்ரிக்கரின் நீளம், விரலை ட்ரிக்கரில் வைத்தே பிடிக்கும் கெட்ட பழக்கத்தை அதுவரை மன்னித்துக்கொண்டிருந்தது.

ஆகவே என் தீர்ப்பு இது. வாரம் ஒருமுறையாவது பயிற்சி செய்பவருக்கு, ஒவ்வொரு ரவுண்டுக்கும் ஒரே மாதிரி நடக்கும் ட்ரிக்கர் சிறந்தது. அது சிங்கிள் ஆக்‌ஷனா ஸ்ட்ரைக்கரா என்பது இரண்டாம் கேள்வி. வருடத்தில் இரண்டு முறை மட்டும் பிஸ்டலை எடுப்பவர் கையில் நீண்ட முதல் இழுப்பு சற்று அதிகப் பொறுமை காட்டும். மிக இலகுவான ட்ரிக்கர் இருவருக்கும் வேண்டாம். உரிமத்தில் .32 வாங்கப் போகிறவருக்குச் சந்தையில் தேர்வு குறைவு. அதனால் ட்ரிக்கர் வகையைத் தேடி அலைவதைவிட, கடையில் உள்ள ஒரே மாடலின் மூன்று பிஸ்டல்களை நான்காம், ஐந்தாம் படிகளின்படி ஒப்பிட்டு, அவற்றில் சீரானதை எடுப்பது பலன் தரும். ஒரே மாடலுக்குள் இருக்கும் வேறுபாடு பலரை ஆச்சரியப்படுத்தும்.

செய்யக் கூடாதவையும் பராமரிப்பும்

சியரைத் தேய்த்து மெருகேற்றுவது, சுருளை வெட்டுவது போன்ற வேலைகளை இணையக் காணொளி பார்த்துச் செய்யாதீர்கள். சியரின் பிடிப்பு சிறிது குறைந்தாலும் ஸ்லைடு மூடும் அதிர்விலேயே சுத்தியல் விழக்கூடும். 1959 ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 5 ஆம் பிரிவு, தொழிலாகத் துப்பாக்கியைப் பழுதுபார்ப்பதற்கும் மாற்றியமைப்பதற்கும் தனி உரிமம் கேட்கிறது; ஆகவே அந்த உரிமம் உள்ளவரிடமே வேலையைக் கொடுங்கள், ரசீதையும் பத்திரப்படுத்துங்கள்.

கடற்கரை நகரில் துருவும், எண்ணெயில் ஒட்டிய தூசும் ட்ரிக்கரின் நிரந்தர எதிரிகள். கெட்டியான எண்ணெய் மழைக்கால ஈரத்தில் தூசுடன் குழைந்து பசையாகி, முன்பு இல்லாத ஊர்வை உண்டாக்கும். மெல்லிய எண்ணெயில் ஒரு சொட்டு, அதையும் துடைத்துவிட்டு விடுங்கள். ஐப்பசி மழைக்கு முன் ஒருமுறையும் தை பிறந்தபின் ஒருமுறையும் அதே கொக்கியை அதே இடத்தில் மாட்டி ஐந்து முறை எடைபோட்டு, பழைய எண்களுக்குப் பக்கத்தில் தேதியுடன் எழுதி வையுங்கள். 100 கிராமுக்கு மேல் விலகியிருந்தால், சுடுதளத்துக்குப் போவதற்கு முன் மெக்கானிக்கிடம் போக வேண்டிய நாள் அது.